வெளிக்கிடுதல் என்றொரு வினைச்சொல்

கோபம் நெடுநாள் நிற்காது என்று சொல்கிறவர்கள் என்னோடு பழகியதில்லை. நான் குரலை உயர்த்துகிறவள் அல்ல. பாத்திரங்களை ஓசைப்படுத்துகிறவளும் அல்ல. என் கோபம் நன்றாகக் காய்ந்த மிளகைப் போன்றது. மூட்டையில் கட்டிவைத்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எடுத்துக் கடித்தால் முதல் நாள் உறைத்த அளவுக்கே உறைக்கும். (மட்டாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டவளுக்கு உவமைகூடக் கிடங்கிலிருந்துதான் வருகிறது.) அந்த மூட்டையின் முதல் மிளகு ஒரு விமான நிலையத்தின் கழிப்பறையில் எனக்குக் கிடைத்தது. இதுவரை அந்தக் கதையை என் புகுந்த வீட்டார்தான் வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைத் தவறாகச் சொல்கிறார்கள். பிழையான பாடம் நிலைத்துவிடக் கூடாது என்பதற்காகவே நான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் யாழ்ப்பாணத்துப் பெண். என் கணவர் சுந்தரம் கொச்சிக்காரர். அவருடைய முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிளகு வியாபாரத்துக்காக வந்து, கொச்சங்காடியில் ஒரு கிடங்கையும் அதன் பின்னால் ஒரு வீட்டையும் கட்டிக்கொண்டு, மலையாளத்தில் கனவு கண்டு தமிழில் சண்டை போடும் குடும்பமாக ஆகிப்போனவர்கள். இவர் மட்டும் மிளகை விட்டுத் தேயிலைக்குப் போனார். வெலிங்டன் தீவில் ஒரு தேயிலைத் தரகு நிறுவனத்தில் ருசி பார்க்கும் உத்தியோகம். வரிசையாக வைத்த கிண்ணங்களில் ஒவ்வொன்றாக உறிஞ்சி, வாயில் உருட்டி, துப்பிவிட வேண்டும். தொழில் குணத்தை வளர்த்ததா, குணம் தொழிலைத் தேடிக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. எந்த உண்மையையும் நெடுநேரம் வாயில் வைத்து உருட்டுவார். பிறகு யாரும் பார்க்காத இடத்தில் துப்பிவிடுவார். பயிற்சிக்காகக் கொழும்பு வந்திருந்தபோது எங்கள் சித்தப்பா வீட்டில் அறிமுகமானார். அப்பாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அம்மா இல்லாத வீட்டில் அப்பாவுக்குப் பிடிப்பதே முடிவு. எழுபதுகளின் கடைசியில் நான் கடலைத் தாண்டினேன்.

தாலி கட்டும் நேரத்துக்குள் மருமகளாகிவிட்டேன். மற்றபடி நான் யார் என்பது தில்லியில் பரிசீலனையில் இருந்தது. இந்தியாவில் தங்கியிருக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்தபோது என் கடவுச்சீட்டையும் அதனோடு வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு ஒரு பாதித் தாள் தந்தார்கள். விண்ணப்பம் கிடைத்தது என்று அதில் எழுதியிருந்தது. கிடைத்ததை என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கவில்லை. நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பம் செத்துவிடும். மாவட்டத்தை விட்டு வெளியே போவதானால் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். ஆகவே நான் கொச்சங்காடியிலிருந்து ஜூ டவுனுக்கும், படகேறி எர்ணாகுளத்துக் கல்லூரிக்கும் போய்வருகிற ஓர் உள்நாட்டுப் பிராணியாக வாழ்ந்துகொண்டிருந்தேன். கல்லூரியில் இலக்கிய முதுகலை.

இலக்கியம் படிக்கிறவள் என்ற செருக்கு அன்றைய எனக்கு நிறைய உண்டு. பேசுவது குறைவு, பேசினால் என் ஊர்ச் சொல்லைத்தான் பேசுவேன் என்று ஒரு விரதம். ஒவ்வொரு நாள் காலையிலும் சேலையைச் சீராகக் கட்டி, பொட்டு வைத்து, கல்லூரிப் புத்தகங்களை அணைத்துக்கொண்டு மாமியாரிடம் விடைபெறுவேன்.

“மாமி, நான் கொலிச்சுக்கு வெளிக்கிடுறன்.”

எங்கள் ஊரில் வெளிக்கிடுதல் என்றால் உடுத்து ஆயத்தமாகிப் புறப்படுதல். கலியாண வீட்டுக்கு வெளிக்கிடுவோம், கோயிலுக்கு வெளிக்கிடுவோம், கொழும்புக்கு வெளிக்கிடுவோம். மாமி அதைக் கேட்டதும் சுவரைப் பார்த்துக்கொண்டு, “செரி மோளே, போய்ட்டு வா” என்று தாழ்ந்த குரலில் சொல்வார். அந்தக் குரலில் ஒரு பரிவு இருக்கும். அது கொச்சியின் நாகரிகம் என்று எடுத்துக்கொண்டேன். இரவில் என் சோற்றில் மட்டும் மோர் கூடுதலாக விழும். மிளகாய் குறைவாக விழும். மாமி கைவைத்தியத்தில் கெட்டிக்காரர்: வயிறு இளகினால் மோர், கட்டினால் ஆவணக்கெண்ணெய். எனக்கு மட்டும் ஏன் நாள்தோறும் மோர் என்று நான் கேட்கவில்லை. அன்பு என்று நினைத்தேன்.

கணவர் ஒருமுறை மட்டும், “இங்கெல்லாம் போறேன்னு சொன்னா மதி” என்றார். போதும் என்பதை அவர்கள் மதி என்பார்கள். நான் ஒரு சிறிய விரிவுரையே ஆற்றினேன். போதல் எல்லாவற்றுக்கும் பொது. ஆறும் போகும், மின்சாரமும் போகும், மானமும் போகும். வெளிக்கிடுதல் மனிதருக்கே உரியது. அதில் ஓர் ஆயத்தமும் ஒரு தீர்மானமும் இருக்கின்றன. அவர் கேட்டார், வாயில் உருட்டினார், எழுந்து போய்விட்டார். எங்கே துப்பினாரோ தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் அப்பாவிடமிருந்து செய்தி வந்தது. வீட்டில் அப்போது தொலைபேசி இல்லை. பக்கத்துக் கிடங்குக்காரர் வீட்டுக்கு ஒரு மாலையில் சென்னை உறவினர் அழைத்துச் சொன்னார்: அப்பா என் அண்ணனோடு இருக்க லண்டனுக்குப் போகிறார், திரும்பி வருகிற எண்ணத்தோடு போகவில்லை, பயணத் தேதி திடீரென்று மாறிவிட்டது, நாளை சென்னையில் இறங்குகிறார், பிற்பகலிலேயே பம்பாய்க்கு ஏறிவிடுவார். அவரிடம் இருந்தது வழிப்பயணிக்கான அனுமதி மட்டும். கொச்சிக்கு வர முடியாது. நான் கொழும்புக்குப் போயிருக்கவும் முடியாது. என் திருமணத்துக்குப் பிறகு நானும் அவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவருக்கும் சட்டப்படி வாய்த்தது சென்னை விமான நிலையத்தில் சில மணி நேரம்.

ரயில் நேரத்துக்குப் போய்ச் சேராது. காலை விமானம் ஒன்றுதான் வழி. கணவர் தம் நிறுவனத்து மேலாளரைப் பிடித்து எப்படியோ ஓர் இருக்கை வாங்கிவிட்டார். (நியாயமாகச் சொல்ல வேண்டும்: அன்று அவர் ஓடிய ஓட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.)

நான் சட்டத்தை மதிக்கிறவள். ஆகவே அந்த மாலையிலேயே, அயல்நாட்டார் பதிவு செய்யும் அலுவலகம் மூடுவதற்குள் ஓடிப்போய், மாவட்டம் தாண்டுகிறேன் என்று அறிவித்தேன். மேசையைப் பூட்டிக்கொண்டிருந்த எழுத்தர் நல்ல மனிதர். பார்த்ததுமே என்னைப் பெங்ஙள், அதாவது சகோதரி, ஆக்கிக்கொண்டார்.

“அதுக்கெந்தா பெங்ஙளே, தைரியமாப் போய்ட்டு வா.”

“அதை எழுதித் தர ஏலுமோ?”

“எழுதித் தர்ற சார் லீவு. வாயால சொன்னா போறாதா? நம்ம ஊரு விமானம்தானே, லண்டனுக்கா போற?”

வாயால் சொன்னது போதும் என்று நானும் நம்பினேன். சொல்லின் வலிமையைப் பற்றி அந்த வாரம்தான் ஒரு கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

மறுநாள் காலையில் மாமி எனக்கு நெற்றியில் திருநீறு இட்டுவிட்டு ஒரே ஓர் அறிவுரை சொன்னார். “நீ வாயைத் தொறந்தா தீர்ந்தது. மிண்டாமெ இரி.” பேசாமல் இரு என்று பொருள். அப்பாவுக்கென்று மிளகு ஒரு பொட்டலம், சுக்கு ஒரு பொட்டலம், தாமே வறுத்த நேந்திரங்காய் வற்றல் ஒரு டப்பா என்று பையில் திணித்தார். பேசாமல் இருப்பதில் எனக்கென்ன சிரமம்? என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் என் இயல்புக்கு மிகவும் பொருந்தியது அது. அதையும் என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை.

பாலத்தைத் தாண்டி வாடகைக் காரில் வெலிங்டன் தீவுக்குப் போனோம். விமான நிலையம் கடற்படை நிலத்தில் இருந்தது. அங்கே சுவரில் சாய்ந்தால்கூட யாராவது வந்து பெயர் கேட்பார்கள். வாசலில் கணவர், “உள்ளே ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் வேலிப் பக்கம் நின்னு கையாட்டறேன், ஜன்னல் வழியா நோக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே பயணிகளைச் சோதிக்கும் மேசையில் ஒரு எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார். தடித்த மீசை, தணிந்த கண்கள். என் பையைத் திறந்தார், மிளகை முகர்ந்தார், சேலையைப் பார்த்தார், நான் தமிழ்ப் பெண் என்று கண்டுகொண்டார். என் கெட்ட காலம் அங்கே தொடங்கியது. அவர் தமிழ் சினிமா நிறையப் பார்த்தவர்.

“எனக்குத் தமிழ் நல்லா அறியும்” என்றார். “மெட்ராஸ்ல யாரு?”

“அப்பா.”

“அப்பா அங்கதான் தாமசமா?”

ஒரு சின்ன ஆமாம் போதும். ஆனால் அப்பா சென்னையில் வசிப்பவர் அல்லர். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல எனக்கு வராது.

“இல்லை. இண்டைக்கு மட்டும் நிக்கிறார்.”

அவர் தலையை நிமிர்த்தினார். “ஒத்தைக்கா போறது?”

“ஓம்.”

“பிரார்த்தனை அப்புறம் செய்யலாம், பெங்ஙளே. கேட்டதுக்கு உத்தரம் பற.”

“ஓம் எண்டுதான் சொல்லுறன்.”

மீசை அசைந்தது. “இது நம்ம தமிழ் இல்லையே. ரேடியோல பாட்டுக்கு நடுவில பேசுற ஆளுங்க தமிழ். நிங்ஙள் சிலோனா?”

நான் மறுபடியும் ஓம், அதாவது ஆமாம், என்றேன். இந்த முறை அவருக்கு விளங்கிவிட்டது.

பின்னால் இருந்த ஒரு சிறிய அறைக்கு என்னை அழைத்துப் போனார். கடவுச்சீட்டு கேட்டார், பாதித் தாளைக் கொடுத்தேன். முன்னால் பார்த்தார், திருப்பிப் பின்னால் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“இதுல போட்டோ இல்லையே.”

“இல்லை.”

“அப்போ இது நிங்ஙள்தான்னு யாரு சொல்றது?”

“நான்தான் சொல்லுறன்.”

“அது செரி. நிங்ஙள் யாரு?”

“அது அந்தத் தாளிலை இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஓர் அரசாங்கம் என் முகத்தை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, அதே அரசாங்கத்தின் இன்னொரு கை முகம் எங்கே என்று கேட்கிறது. முந்தின மாலை எழுத்தரிடம் அறிவித்ததைச் சொன்னேன். எழுத்து எங்கே என்றார். எழுதுகிறவர் லீவு என்றேன். அவர் பெருமூச்சு விட்டுத் தொலைபேசியைச் சுழற்றினார். எங்கேஜ். மறுபடி சுழற்றினார். அலுவலகம் இன்னும் திறக்கவில்லை. மறுபடி. திறந்துவிட்டது, எழுத்தர் வந்துவிட்டார், ஆனால் சாயா குடிக்கப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுவார்.

ஒரு மனிதர் சாயா குடிக்கிற நேரம் எவ்வளவு நீளமானது என்பதை அன்றுதான் அறிந்தேன். என் கணவரைப் போல் அவரும் உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தாரோ என்னவோ. சன்னலுக்கு வெளியே விமானம் நின்றது. படிக்கட்டை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். மக்கள் வரிசையாக ஏறினார்கள். அவர்களில் ஒருவருக்காவது முகம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. சென்னைப் பயணிகள் உடனே விமானத்துக்குச் செல்லவும் என்று ஒலிபெருக்கி கடைசியாகச் சொன்னது.

எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. பிறந்த நாள் முதல் அடக்கி வைத்திருந்த குரல் முழுவதும் ஒரே தவணையில் வெளியே வந்தது. நான் எழுந்து நின்றேன். மேசையில் கையை ஊன்றினேன்.

“ஐயா, எனக்கு இப்பவே வெளிக்கிட வேணும். இனியும் பொறுக்க ஏலாது. இப்ப வெளிக்கிடாட்டி எல்லாம் நாசமாப் போயிடும். விளங்குதோ? நான் வெளிக்கிட வேணும்.”

எஸ்.ஐ.யின் முகத்தில் இருந்த அதிகாரம் முழுவதும் கரைந்து, அந்த இடத்தில் ஒரு தகப்பனின் கவலை வந்து உட்கார்ந்தது. தமிழ் நல்லா அறியும் மனிதருக்கு ஐயமே ஏற்படவில்லை.

“அய்யோ, இதை முதல்லயே பறயண்டே பெங்ஙளே” என்றார். “இதுக்கெல்லாம் வெட்கப்படலாமா? மனுஷர்தானே.” வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். “தங்கம்மே, இவரெக் கூட்டிட்டு ஓடு. வேகம், வேகம்.”

மனிதாபிமானம் இன்னும் சாகவில்லை என்று நினைத்தேன். என் கண்கள் நனைந்தன. (இந்த வரியை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் நனைந்தது உண்மை.) பெண் காவலர் தங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார், நான் அப்பாவின் நேந்திரங்காய் வற்றலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நடையின் கோடியில் வெளிச்சம் தெரிந்தது, விமானத்தின் வால் தெரிந்தது. அங்கிருந்து அவர் இடப்புறம் திரும்பினார். ஒரு கதவைத் தள்ளினார். என்னையும் உள்ளே தள்ளினார். கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டார்.

அது எந்த இடம் என்று அறிய இலக்கியப் பயிற்சி தேவைப்படவில்லை.

நான் உடனே வெளியே வந்தேன்.

“கழிஞ்ஞோ?” என்றார் தங்கம்மா வியப்போடு. முடிந்ததா என்று கேட்கிறார்.

“இதில்லை. நான் வெளிக்கிட வேணும்.”

“அதுக்குத்தானே கொண்டுவந்தது.”

“இதில்லை அம்மா, இதில்லை.”

தங்கம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். அவருடைய முகம் சுருங்கியது. எனக்காக அவர் வெட்கப்பட்டார். “செரியாக்கும். குழாய்ல வெள்ளமில்லே, வாடையும் உண்டு. நல்ல குடும்பத்துப் பெண்ணை இதில எப்படி விடறது? ஆபீசர்மார்க்கு ஒண்ணு உண்டு, டைல்ஸ் எல்லாம் போட்டு நல்லா இருக்கும். நில்லு, சாவி வாங்கிட்டு வரேன். கொஞ்சம் பிடிச்சுக்கோ மோளே.”

அவர் போன வேகத்தில் நானும் திரும்பி விமானத்தை நோக்கி ஓடியிருக்கலாம். ஓடினேனும்கூட. துப்பாக்கி வைத்திருந்த ஒரு கடற்படை இளைஞன் மறித்தான். அவனிடமும் அதே சொல்லைத்தான் சொன்னேன். அவன் காதுவரை சிவந்து, துப்பாக்கி முனையால் நான் வந்த கதவையே காட்டினான். ஆயுதம் தாங்கிய ஒரு படையே என்னைக் கழிப்பறைக்குள் அனுப்பத் திரண்டிருந்தது.

தங்கம்மா சாவியோடு ஓடிவந்தார். மூச்சு வாங்க, வெற்றியோடு, அந்த இரண்டாவது கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்றும் பார்த்துவிட்டு, என்னை உள்ளே விட்டார். “மெல்லப் போதும். திரக்குப் படாதே” என்றார் வெளியிலிருந்து. அவசரப்பட வேண்டாமாம். மேலே காற்றுக்காகச் சாய்வாகப் பதித்த கண்ணாடிப் பட்டைகள் இருந்தன. அவற்றின் இடுக்கில் விமானம் துண்டு துண்டாகத் தெரிந்தது. முழங்கியது. நகர்ந்தது. முதல் பட்டையிலிருந்து இரண்டாவது பட்டைக்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் ஏறி, பிறகு எந்தப் பட்டையிலும் இல்லாமல் போனது. வெண்ணிற டைல்ஸ் உண்மையிலேயே சுத்தமாக இருந்தன. நான் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். வெளியே தங்கம்மா, “தெய்வமே, கழிஞ்ஞது” என்று முணுமுணுத்தது கேட்டது.

அறைக்குத் திரும்பியபோது எஸ்.ஐ. எழுந்து நின்று வரவேற்றார். சாயா வரவழைத்திருந்தார்.

“இப்போ சுகமாயோ?” என்றார் கனிவோடு. “ஆபீஸ்லேர்ந்து போன் வந்தாச்சு. எழுத்தர் எல்லாம் பறஞ்ஞு. ஒரு குழப்பமும் இல்லை. நிங்ஙளுக்குப் போகலாம்.”

“எங்கை?”

“மெட்ராஸுக்கு.”

பாதித் தாளை நான்காக மடித்து மரியாதையோடு என் கையில் தந்தார். அந்த மனிதரை இன்றுவரை என்னால் மனதாரத் திட்ட முடியவில்லை என்பதுதான் எனக்கு அவர்மேல் உள்ள பெரிய கோபம். கொடுமைக்காரனாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அன்று என்னைத் தடுத்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். எழுத்தர் நல்லவர், எஸ்.ஐ. நல்லவர், தங்கம்மா தங்கம். நல்லவர்கள் ஒவ்வொருவராக என்னைக் கைப்பிடித்து அழைத்துப்போய், அப்பாவிடமிருந்து அத்தனை தூரத்தில் கொண்டு நிறுத்தினார்கள்.

வெளியே வந்தேன். வேலிப் பக்கத்தில் என் கணவர் கைக்குட்டையை உயரப் பிடித்து, வானத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார். விமானம் ஒரு புள்ளியாகியிருந்தது. அவருடைய முகத்தில் ஒரு நிறைவு. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் கவனிக்கவில்லை.

“இஞ்சருங்கோ” என்றேன். “ஆருக்குக் கை காட்டுறியள்?”

அவர் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கைக்குட்டை மட்டும் சிறிது நேரம் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் நடந்ததைச் சொல்லுக்குச் சொல் ஒப்பித்தேன். நான் எஸ்.ஐ.யிடம் கத்திய வாக்கியம் வந்ததும் அவர் இருமினார். கார் பாலத்தின் மேல் ஏறியது. பாலம் முடியும்வரை அவர் வாயில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார்.

“வதனி, அந்தச் சொல் இருக்கே. அது இங்கே வேறயாக்கும்.”

“எது?”

“வெளிக்கு... மலையாளத்தில வெளிக்கிறங்ஙுகன்னா கக்கூசுக்குப் போறது. வெளிக்குப் போறதுன்னு நம்ம ஆளுங்களும் பறையும்.”

அது எனக்குத் தெரியாத சொல் அல்ல. வெளிக்குப் போதல் எங்கள் ஊரிலும் உண்டு. வெளிக்கிடுதல் வேறு, வெளிக்குப் போதல் வேறு; பிறந்ததிலிருந்து அவை என் காதில் ஒருமுறையும் மோதிக்கொண்டதில்லை. ஆனால் பரிவோடு சுவரைப் பார்த்த மாமியின் முகம் நினைவுக்கு வந்தது. மோர் நினைவுக்கு வந்தது.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“எது?”

“நான் சொல்லுறது உங்கடை ஆக்களுக்கு எப்படிக் கேக்கும் எண்டு.”

அவர் சன்னலுக்கு வெளியே கப்பல்களைப் பார்த்தார். “கல்யாணம் கழிஞ்ச ரெண்டாம் நாளே.”

அன்று நான் வீட்டுக்குள் நுழைந்த விதம் பற்றி இரண்டு பாடங்கள் வழங்குகின்றன. மாமியின் பாடத்தில் நான் ஒரு நாற்காலியை உதைத்தேன். அது பிழை. நாற்காலி தானே விழுந்தது. நான் மாமியின் எதிரில் நின்று, நீங்களுமா என்று மட்டும் கேட்டேன்.

மாமி சுவரைப் பார்த்தார். “ஆதியம் எனக்கும் அறியாது மோளே. காலேஜுக்கு வெளிக்கிடறேன்னு நீ தினமும் சொல்றப்போ, வீட்டில இல்லாத சௌகரியம் காலேஜில என்ன இருக்குன்னு நினைச்சேன். படிச்ச பெண்ணு, வயிறு செரியில்லை போல, நாணக்கேடா இருக்கும், கேக்க வேண்டாம்னு மோர் ஊத்தினேன்.”

“பிறகு?”

“பின்னெ சுந்தரன் பறஞ்ஞான். அப்பவும் மோர் ஊத்தறதை நிறுத்தலை. நல்லதுதானே.”

ஒரு வீடு முழுவதும் தெரிந்து வைத்திருந்தது. ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. நான் மனம் புண்படக் கூடாதாம். என் மனத்தைப் புண்படாமல் காத்து, என் பயணத்தைக் கொன்றார்கள். அன்று நான் சாப்பிடவில்லை. மாமி மோரைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்.

சென்னையில் அப்பா வந்திறங்குவோர் வாசலில் நின்று, கொச்சி விமானத்தில் வந்த கடைசிப் பயணி போகும்வரை பார்த்திருக்கிறார். பிறகு விமானத்தைத் துடைக்கிறவர்கள் இறங்கும்வரை பார்த்திருக்கிறார். நாங்கள் பதிவு செய்த டிரங்க் கால் உறவினர் வீட்டுக்குக் கிடைத்தபோது அவர் பம்பாய்க்குப் போய்விட்டார். அந்த வாரக் கடைசியில் லண்டனிலிருந்து கிடங்குக்காரர் வீட்டுக்கு அழைத்தார். கடலும் காற்றும் இரைகிற ஒலிக்கு நடுவில் அவருடைய முதல் கேள்வி:

“என்ன பிள்ளை, அண்டைக்கு நீ வெளிக்கிடேல்லையோ?”

“வெளிக்கிட விட்டவங்கள் அப்பா” என்றேன். “அதுதான் பிரச்சினை.”

நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஓசையே இல்லை. அழுகிறார் என்று நினைத்தேன். பிறகு ஒரு வெடிச்சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு. சிரிப்பின் நடுவில் இணைப்பு அறுந்தது. கட்டணம் கட்டிப் பேச வந்த அழைப்பில் பாதியை அவர் சிரித்தே தீர்த்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் நான் முதன்முதலாக அழுதேன்.

அதற்குப் பிறகு எனக்கு அனுமதி வந்தது. முத்திரை, கையொப்பம், என் முகம் எல்லாம் அதில் இருக்கின்றன. இந்தியாவுக்குள் எங்கே வேண்டுமானாலும் நான் பறக்கலாம். பறந்து பார்க்க வேண்டியவர் இங்கே இல்லை. ஊரில் நிலைமை கெட்டது. தெரிந்தவர்கள் வீடுவீடாக வெளிக்கிட்டார்கள், யாரும் உடுத்து ஆயத்தமாகி வெளிக்கிடவில்லை. அப்பாவுக்கு இனித் திரும்ப ஊர் இல்லை. லண்டனில் தங்கியிருக்க அவர் கொடுத்த விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. அசைந்தால் அது செத்துவிடும். என் கடவுச்சீட்டைக் கண்டால் அந்த நாட்டுத் தூதரகம் எனக்கும் ஒரு பாதித் தாள் தருகிறது. இருவரும் அவரவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

அந்தச் சொல்லை நான் விடவில்லை. விடுவேன் என்று எதிர்பார்த்தார்கள். இப்போது அதை இன்னும் உரக்கச் சொல்கிறேன். வேறு வழியில்லாமல் வீடும் பழகிவிட்டது. கேஸ் சிலிண்டர் வராவிட்டால் மாமி, “இன்னும் வெளிக்கிடலையா?” என்று கடைக்காரரிடம் கேட்கிறார். (அவர் திகைத்துப்போவதில் எனக்கு ஒரு சிறிய திருப்தி.) ரேஷன் அட்டை, குழாய் இணைப்பு, கணவரின் பதவி உயர்வு, எது அலுவலகத்தில் சிக்கிக் கிடந்தாலும் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே வினைச்சொல்.

இப்போது தொலைபேசி வீட்டுக்கே வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்பா அழைத்தார். வழக்கம்போல நான்தான் தொடங்கினேன்.

“என்னப்பா, உங்கடை கடுதாசி இன்னும் வெளிக்கிடேல்லையோ?”

“இல்லைப் பிள்ளை. சரியான மலச்சிக்கல்.”

“ஆருக்கு?”

“எனக்கென்ன, நான் சுகமாத்தான் இருக்கிறன். அவையளுக்குத்தான்.”

என் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கணவருக்குச் சொன்னேன். அவர் வாயில் உருட்டாமல், உடனே, உரக்கச் சிரித்தார். அடுக்களையிலிருந்து மாமி குரல் கொடுத்தார்.

“லண்டன்ல ஆவணக்கெண்ணெய் கிட்டுமோன்னு கேளு மோளே.”

தமிழில் ஆமணக்கு, மலையாளத்தில் அது ஆவணக்கு. இரு நாடுகளிலும் தேங்கிக் கிடக்கிற ஆவணங்களுக்கு உரிய மருந்து அதுவே என்பதில் எனக்கும் மாமிக்கும் முதன்முறையாகக் கருத்து வேறுபாடு இல்லை.